கத்திக்கு முன் பத்து நிமிடம்

வலியறுத்த கதை – 17

ஆடி கடைசி வெள்ளிக்கு முந்தின நாளே இருக்கன்குடியில் ஆற்று மணல் கண்ணுக்குத் தெரியாது, தலைகள்தான் தெரியும். சாத்தூரைத் தாண்டி நடந்தே வருகிறவர்கள், தீச்சட்டி எடுக்கிறவர்கள், ஈரத்துணியோடு உருண்டு கொடுக்கிறவர்கள். அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடுகிற இடம் என்பதால் ‘இரு கங்கைக் குடி’ என்று பேர் வந்து, அது இருக்கன்குடி ஆயிற்று என்பார்கள். கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் உருக் கடைகள். தகட்டில் அடித்த கண், கை, கால், தொட்டில் பிள்ளை, முழு ஆள். உடம்பில் எது நோகிறதோ அதை வாங்கி மாரியம்மன் முன்னால் போட்டுவிட்டு வர வேண்டும்.

2014 ஆடியில் என் பெரியம்மா அப்படி ஒரு கடையில் வெகுநேரம் நின்றார். என்ன உரு வேண்டும் என்று கடைக்காரர் இரண்டு தடவை கேட்டார். பெரியம்மா பதில் சொல்லாமல் ஒரு முழு ஆள் உருவைக் காட்டி வாங்கிக்கொண்டார். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இடது மாரில் புளியங்கொட்டை அளவில் தொடங்கிய கட்டியை ஏழு மாதமாக யாரிடமும் சொல்லாமல், பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டே சுமந்திருக்கிறார் என்பது தீபாவளி கழிந்துதான் வீட்டுக்குத் தெரிந்தது. ஏன் பெரியம்மா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று நான் சத்தம் போட்டபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: “கத்தி பட்டா பரவிரும்யா. தொடாம விட்டா அது பாட்டுக்குக் கெடக்கும்.”

இந்த வாக்கியம் அவருடையது மட்டும் அல்ல. கரிசல் காட்டில் எந்த ஊருக்குப் போனாலும் கேட்கலாம். மதுரைப் பெரியாஸ்பத்திரி வாசலிலும் கேட்கலாம். மூடநம்பிக்கை என்று நானும் அன்றைக்குக் கோபப்பட்டேன். இந்தத் தொடருக்காக மரப்பு ஊசியின் கதையைத் தேடிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது: பெரியம்மா பயந்த அதே இடத்தில் மும்பையில் ஓர் அறுவை மருத்துவர் முப்பது வருடமாக நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். கத்தி படும் நேரத்தில் கட்டிக்குள் என்ன நடக்கிறது? அவருக்குக் கிடைத்த ஒரு பதில்தான் இந்த வார அத்தியாயம்.

கோகோ இலையிலிருந்து கோகெயின் வந்த கதையையும், 1884 செப்டம்பரில் ஹைடல்பர்க் மாநாட்டில் கண் அறுவைக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று கார்ல் கொல்லர் எழுதிய கட்டுரையை, அவருக்கு ரயில் செலவுக்குப் பணம் இல்லாததால், வேறொருவர் படித்துக் காட்டியதையும் முன்பே பார்த்தோம். அந்தச் செய்தி கடல் கடந்து நியூயார்க் போனதும் அதைப் பிடித்துக்கொண்டவர் வில்லியம் ஹால்ஸ்டெட். கண்ணில் சொட்டு விட்டால் கண் மரக்கிறது; நரம்பின் தண்டிலேயே ஊசி போட்டால் அந்த நரம்பு போகிற பகுதி முழுக்க மரக்காதா என்று அவர் யோசித்தார். தன் மேலும், உடன் வேலை பார்த்த மருத்துவர்கள் மேலும் போட்டுப் பார்த்தார். பல் பிடுங்கும்போது தாடை நரம்பில் இன்று போடுகிற ஊசி அங்கிருந்து வந்ததுதான்.

அந்தச் சோதனை அவரை விழுங்கிவிட்டது. கோகெயின் பழக்கத்துக்கு அடிமையானார். 1885இல் அவர் எழுதிய கட்டுரையின் முதல் வாக்கியத்தைப் படித்தால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்றே தெரியாது. அத்தனை தெளிவான மூளை அப்படிக் கலங்கிப் போயிருந்தது. மருத்துவமனையில் கிடந்தார், மீண்டார், மறுபடி விழுந்தார். கோகெயினை விடுவதற்கு மார்பினைப் பிடித்தார். அந்த நிலையிலிருந்து எழுந்து பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போய், அந்தக் காலத்தின் முதன்மையான அறுவை மருத்துவர் ஆனார்.

எதற்காக அவரைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன் என்றால், மார்பகப் புற்றுக்கு உலகம் முழுக்க எண்பது ஆண்டுகள் செய்யப்பட்ட அறுவையை வகுத்தவரும் இவரே. 1894இல் ஐம்பது பெண்களுக்குச் செய்த அறுவையை அவர் பதிவு செய்தார். மார்பு, அதன் அடியிலுள்ள தசை, அக்குளில் உள்ள நெறிக்கட்டிகள், எல்லாவற்றையும் ஒரே துண்டாக எடுத்துவிடுவது. புற்று அடுத்த வீட்டுக்கு, அதற்கடுத்த வீட்டுக்கு என்று வரிசையாகப் பரவும், ஆகவே தெருவையே காலி செய்துவிட்டால் நின்றுவிடும் என்பது அவர் கணக்கு. பெண்களுக்குக் கை வீங்கியது, தோள் ஒடுங்கியது, நெஞ்சுக்கூடு தோலோடு ஒட்டித் தெரிந்தது. ஆனாலும் பலருக்கு எலும்பிலும் ஈரலிலும் நுரையீரலிலும் புற்று மறுபடி முளைத்தது. மரக்க வைக்கும் ஊசியும் மார்பை அறுக்கும் கத்தியும் அந்த ஒரே மனிதரின் கையில் இருந்தன. இரண்டையும் ஒரே கட்டியின் பக்கத்தில் கொண்டுவந்து பார்க்க ஏறக்குறைய 120 ஆண்டுகள் ஆயின.

பரவுவது எப்படி என்பது ஹால்ஸ்டெட் காலத்திலேயே வேறு சிலருக்குப் புலப்பட்டிருந்தது. 1869இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஷ்வொர்த் புற்றுநோயில் இறந்த ஒருவரின் ரத்தத்தில் கட்டியில் இருந்ததைப் போன்ற செல்களைப் பார்த்தார். 1889இல் லண்டனில் ஸ்டீபன் பாஜெட், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிணப் பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டினார். புற்று போய்த் தங்குகிற உறுப்புகளில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. செடியின் விதை எல்லாத் திசையிலும் பறக்கும், ஏற்ற மண்ணில் விழுந்தது மட்டும் முளைக்கும் என்று அவர் எழுதினார். மானாவாரி விதைத்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. தூவிய பருத்தி விதையெல்லாமா முளைக்கிறது? ஈரம் வேண்டும், பக்குவம் வேண்டும், ஒரு மழை தப்பினால் போயிற்று.

விதை எப்போது பறக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. 1913இல் அமெரிக்காவில் எர்னஸ்ட் டைசர் சுண்டெலிகளின் கட்டிகளைப் பிசைந்து விட்டுப் பார்த்தார். பிசைந்த எலிகளில் பரவல் கூடியது. (நம் பக்கம் கட்டி என்றால் விளக்கெண்ணெய் தடவி நீவி விடுகிற வழக்கம் உண்டு. என்ன கட்டி என்று தெரியாத வரை தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.) 1959இல் பெர்னார்ட் ஃபிஷரும் அவருடைய தம்பி எட்வினும் எலிகளின் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் மிகச் சில புற்றுச் செல்களை விட்டார்கள். சும்மா விட்ட எலிகளில் மாதக்கணக்கில் ஒன்றும் முளைக்கவில்லை. வயிற்றைத் திறந்து கல்லீரலை மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்த எலிகளில் முளைத்தது. உறங்கிக்கொண்டிருந்ததைக் காயம் எழுப்பிவிட்டது.

பிற்பாடு ஹால்ஸ்டெட்டின் பெரிய அறுவையை ஓரங்கட்டியவரும் இந்த பெர்னார்ட் ஃபிஷர்தான். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சும் கொடுத்தால், மார்பு முழுவதையும் எடுத்தவர்களுக்கு இணையாகவே பெண்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று 1985இல் அவருடைய குழு காட்டியது. உலகம் அந்தச் செய்தியைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. எலிகள் சொன்ன செய்தி மட்டும் நூலகத்தில் தூங்கியது.

அதை எழுப்பியவர்களில் ஒருவர் ராஜேந்திர பட்வே. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் வேலை பார்த்தவர், பின்னால் அதன் இயக்குநர் ஆனவர். இந்த மருத்துவமனையைப் பற்றி ஒரு வார்த்தை. 1931இல் மெஹர்பாய் டாட்டா ரத்தப்புற்றில் இறந்ததை ஒட்டிப் பிறந்த எண்ணம், 1941 பிப்ரவரி 28இல் கட்டடமாகத் திறந்தது. நம் சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் கதையும் அப்படித்தான்: தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த முத்துலெட்சுமி ரெட்டி விடாமல் போராடி 1954 ஜூன் 18இல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கியது. டாட்டா மருத்துவமனை 1962 முதல் அணுசக்தித் துறையின் கீழ் வந்தது. அதாவது அங்கே நடக்கும் ஆராய்ச்சிக்கு முதன்மையாகப் பொதுப்பணம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

லண்டன் கைஸ் மருத்துவமனையில் இருந்த காலத்தில் பட்வே ஒரு விசித்திரமான விஷயத்தைக் கவனித்தார். மாதவிலக்கு நிற்காத 249 பெண்களின் பழைய ஏடுகளைப் பார்த்தபோது, மாதச் சுழற்சியின் எந்த நாளில் அறுவை நடந்ததோ அதைப் பொறுத்துப் பத்து ஆண்டு கழித்து உயிரோடிருப்பவர் எண்ணிக்கை மாறியது. 1991இல் அது வெளியானபோது பலர் நம்பவில்லை. வேறு ஊர்களில் பார்த்தவர்களுக்கு வேறு வேறு விடை வந்தது. ஆனால் அவர் மனதில் ஒன்று விழுந்துவிட்டது. கட்டி அதேதான், கத்தி அதேதான். கத்தி படும் வேளையில் உடம்பின் நிலைமை மாறினால் முடிவு மாறக்கூடும்.

மும்பைக்குத் திரும்பி, ஆயிரம் பெண்களைச் சேர்த்து, அறுவைக்குச் சில நாள் முன்னால் புரோஜெஸ்டிரான் ஊசி ஒன்று போட்டுப் பார்த்தார். 2011இல் விடை வந்தது. மொத்தத்தில் தெளிவான பலன் இல்லை. அக்குள் நெறிக்கட்டிக்குப் புற்று போயிருந்தவர்களிடம் மட்டும் பலன் தெரிந்தது. பாதி வெற்றி என்றும் சொல்லலாம், பாதித் தோல்வி என்றும் சொல்லலாம். இத்தனை வருட உழைப்புக்கு இவ்வளவுதானா என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அதே 2011 டிசம்பரில் அவர் அடுத்த சோதனையைத் தொடங்கினார். இந்தத் தடவை கையில் எடுத்தது லிடோகெயின்.

நம் ஊரில் லிக்னோகெயின் என்பார்கள். சைலோகெயின் என்ற வணிகப் பெயர் இன்னும் பழக்கம். கால் கிழிந்து தையல் போடும்போதும், பல் பிடுங்கும்போதும், “இப்ப ஒரு ஊசி, அப்புறம் ஒண்ணும் தெரியாது” என்று போடுகிறார்களே, அதுதான். சின்ன ஆரம்ப சுகாதார நிலையத்தின் அலமாரியிலும் இருக்கும்.

இது பிறந்ததும் ஒரு நாக்கின் நுனியில்தான். 1930களில் ஸ்டாக்ஹோமில் பார்லிப் பயிரை ஆராய்ந்துகொண்டிருந்தவர்களிடம் இருந்த ஹோல்கர் எர்ட்மன், ஆய்வகத்தில் செய்த ஒரு சேர்மத்தை, அந்தக் கால வேதியியல்காரர்களின் வழக்கப்படி, வாயில் வைத்துப் பார்த்தார். நாக்கு மரத்துப்போனது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு நில்ஸ் லோஃப்கிரென் வருடக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்மங்களைச் செய்தார். பெங்ட் லுண்ட்குவிஸ்ட் என்ற இளைஞர் அவற்றைத் தன் உடம்பிலேயே, கண்ணாடியில் பார்த்து ஊசி போட்டு, எவ்வளவு நேரம் மரக்கிறது என்று குறித்தார். 1943இல் ஆஸ்ட்ரா நிறுவனம் உரிமையை வாங்கியது. 1948இல் கடைக்கு வந்தது. கோகெயினைப் போலப் பழக்கத்துக்கு அடிமைப்படுத்தாத மருந்து. ஹால்ஸ்டெட் பிறந்த காலம் தப்பிவிட்டது.

அது வேலை செய்கிற விதம் எளிது. நரம்புச் செல்லின் தோலில் சோடியம் நுழைகிற நுண்ணிய வாசல்கள் உண்டு. வாசல் திறந்து சோடியம் உள்ளே பாய்ந்தால்தான் “வலிக்கிறது” என்ற செய்தி அடுத்த இடத்துக்கு ஓடும். லிடோகெயின் அந்த வாசலுக்குள் போய் அடைத்துக்கொள்கிறது. இதயத் தசையிலும் இந்த வாசல் உண்டு. அதனால்தான் தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை அடக்கவும் இதே மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

இனிதான் நம் கதையின் திருப்பம். 1990களில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் முஸ்தஃபா ஜம்கோஸ் என்ற, சைப்ரஸில் பிறந்த ஆய்வாளர், வேகமாகப் பரவும் புற்றுச் செல்களிலும் இந்தச் சோடியம் வாசல்கள் இருப்பதைக் கண்டார். வலியைக் கடத்த வேண்டிய தேவையே இல்லாத செல்லுக்கு எதற்கு நரம்பின் வாசல்? மார்பகப் புற்றில் இருந்தது இதயத்தில் இருக்கும் வாசலின் ஒரு வகை. அதுவும் கருவில் இருக்கும்போது காணப்படும் இளம் உருவம். சோடியம் உள்ளே வர வர, செல்லைச் சுற்றிலும் புளிப்பு ஏறுகிறது. அந்தப் புளிப்பில் சில நொதிகள் விழித்துக்கொண்டு பக்கத்துச் சதையை அரிக்கின்றன. அரித்த வழியே செல் நகர்ந்து போய் ரத்தக்குழாயைப் பிடிக்கிறது. வாசலை அடைத்தால் நகர்ச்சி குறைகிறது. பின்னாளில் வேறு ஊர்களிலிருந்தும் செய்திகள் வந்தன. சிகாகோவில் நுரையீரல் புற்றுச் செல்கள் இடம்பெயர்வதை இந்த மருந்து தடுத்தது. தைவானில் 2014இல் தட்டில் வளர்த்த மார்பகப் புற்றுச் செல்கள் தாமே சாகத் தொடங்கின. டப்ளினில் 2018இல், கட்டியை அறுத்தெடுக்கும்போது லிடோகெயினும் பெற்ற சுண்டெலிகளின் நுரையீரலில் பரவல் குறைந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இன்னொன்றையும் கண்டார்கள்: வாய், தொண்டைப் புற்றுச் செல்களில் கசப்பை உணரும் ஏற்பி ஒன்று இருக்கிறது, லிடோகெயின் அதைத் தட்டி எழுப்பிச் செல்லைச் சாக வைக்கிறது. எர்ட்மனின் நாக்கில் தொடங்கிய மருந்து நாக்குக்கே திரும்பி வந்தது எனக்கு மயிர்க்கூச்செறியும் செய்தியாக இருந்தது.

தட்டில் சாவதெல்லாம் உடம்பில் சாகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தட்டில் ஊற்றிய அளவுக்கு ரத்தத்தில் லிடோகெயின் ஏறினால் வலிப்பு வரும், இதயம் நிற்கும். அந்தச் செறிவு வேண்டும், ஆனால் உடம்பு முழுக்க வேண்டாம் என்றால் ஒரே வழிதான்: கட்டியைச் சுற்றி மட்டும் போடுவது. பட்வே குழு அதைத்தான் செய்தது.

நடைமுறை இது. மயக்கம் கொடுத்து, பெண் உறங்கிய பிறகு, கத்தி எடுப்பதற்கு 7 முதல் 10 நிமிடம் முன்னால், அரை சதவீத லிடோகெயினைக் கட்டியின் எல்லாப் பக்கங்களிலும் செலுத்துவது. உடல் எடையில் கிலோவுக்கு 4.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அதிகபட்சம் 225 மில்லிகிராம், நீர்த்த மருந்தாக 45 மில்லி. அன்றைய செலவு நூறு ரூபாய்க்குள். புதிய கருவி இல்லை, பயிற்சி இல்லை, கூடுதலாக ஒரு நாள் படுக்கை இல்லை.

இந்தியாவில் 11 புற்றுநோய் மையங்கள், 1,600 பெண்கள். ஊசி யாருக்கு, யாருக்கு இல்லை என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல் தீர்மானித்தார்கள். மருத்துவரின் விருப்பத்துக்கு அதில் இடமில்லை. அதன் பிறகு இரண்டு பக்கத்தாருக்கும் ஒரே சிகிச்சை: அறுவை, தேவைப்பட்ட கீமோ, கதிர்வீச்சு, ஹார்மோன் மாத்திரை. ஆட்களைச் சேர்ப்பதும் தொடர்ந்து பார்ப்பதுமாகப் பத்து வருடம் போயிற்று. 2022 செப்டம்பரில் பாரிஸில் நடந்த ஐரோப்பியப் புற்றுநோய் மருத்துவர்கள் மாநாட்டில் பட்வே முடிவைச் சொன்னார். 2023இல் அமெரிக்காவின் மருத்துவப் புற்றுநோயியல் இதழில் கட்டுரை வந்தது.

ஐந்து ஆண்டு முடிவில், ஊசி போடாதவர்களில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 82.6 சதவீதம், போட்டவர்களில் 86.6. உயிரோடு இருந்தவர்கள், ஊசி போடாதவர்களில் 86.4, போட்டவர்களில் 90.1. தூரத்து உறுப்புகளில் புற்று முளைத்தது 11.6லிருந்து 8.5 ஆகக் குறைந்தது. மருந்தால் யாருக்கும் கெடுதல் வரவில்லை. நூறு பேருக்கு ஏறத்தாழ நான்கு பேர் கூடுதலாகத் தப்பினார்கள். சின்ன எண்ணாகத் தோன்றும். லட்சக்கணக்கில் விலை வைத்து வருகிற எத்தனையோ புது மருந்துகள் இதைவிடக் குறைந்த பலனுக்குக் கொண்டாடப்படுகின்றன. இந்தியாவில் 2020இல் மட்டும் 1,78,000க்கு மேல் புதிய மார்பகப் புற்று நோயாளிகள் என்பது உலகக் கணக்கு. அதில் நேரே அறுவைக்குப் போகக்கூடியவர்கள் எத்தனை பேரோ, அத்தனை பேரில் நூற்றுக்கு நான்கு என்று எண்ணிப் பாருங்கள்.

பொதுப்பணம் என்று முன்பு சொன்னது இதற்காகத்தான். லிடோகெயினின் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இந்தச் சோதனையில் ஜெயித்தாலும் யாருக்கும் லாபம் இல்லை. லாபம் இல்லாத மருந்துக்கு எந்த நிறுவனம் பத்து வருடம் செலவழிக்கும்? நம் வரிப்பணத்தில் நடக்கும் மருத்துவமனை செய்தது. அதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டும்; பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பெருமையோடு சந்தேகங்களையும் சொல்லியாக வேண்டும். ஊசி இல்லாத பக்கத்துப் பெண்களுக்கு வெறும் உப்புத் தண்ணீர்கூடப் போடவில்லை. அப்படியானால் பலன் தந்தது மருந்தா, கட்டியைச் சுற்றித் தேங்கிய நீரின் அழுத்தமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எந்தப் பெண்ணுக்கு ஊசி போட்டோம் என்பது அறுவை செய்தவருக்குத் தெரியும். இது ஒரே ஒரு சோதனை. இன்னொரு நாட்டில், இன்னொரு குழு செய்து அதே விடை வந்தால்தான் கை நடுங்காமல் சொல்லலாம்.

இதற்கு ஓர் எச்சரிக்கைக் கதையும் முன்னாலேயே இருக்கிறது. 2006இல் அயர்லாந்தில் 129 பெண்களின் ஏடுகளைப் பார்த்தவர்கள், முதுகெலும்புப் பக்கத்து நரம்பில் மரப்பு ஊசி போட்டு அறுவை செய்தவர்களுக்குப் புற்று குறைவாகவே திரும்பியது என்று எழுதினார்கள். உலகமே பரபரத்தது. டேனியல் செஸ்லர் தலைமையில் எட்டு நாடுகளில் 13 மருத்துவமனைகள் சேர்ந்து, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் சரியான முறையில் சோதித்தார்கள். 2019இல் விடை வந்தது. இரண்டு பக்கமும் நூற்றுக்குப் பத்து. வித்தியாசமே இல்லை. பத்து வருட நம்பிக்கை ஒரு பக்கத்தில் முடிந்தது. அங்கே மருந்து போனது முதுகு நரம்புக்கு, இங்கே போவது கட்டியின் விளிம்புக்கு. ஆகவே இரண்டும் ஒன்றல்ல என்று மும்பைக்காரர்கள் சொல்வதில் எனக்கு நியாயம் தெரிகிறது. ஆனால் நியாயமாகப் படுவதும் நிரூபணமாவதும் வேறு வேறு என்பதை அந்த அயர்லாந்து ஏடு கற்றுக்கொடுத்திருக்கிறது.

இப்போது பெரியம்மாவின் வாக்கியத்துக்கு வருகிறேன். கத்தி பட்டால் பரவும் என்றார். கத்தி படும் வேளையில் ஏதோ கலைகிறது, சில செல்கள் கிளம்பக்கூடும் என்று சந்தேகப்பட அறிவியலுக்கும் காரணம் இருக்கிறது. அந்த அளவுக்கு அவர் சொன்னதில் ஒரு பொறி உண்டு, நான் அன்றைக்குக் கத்தியிருக்கக் கூடாது. ஆனால் எண்களை அவர் முன்னால் வைத்திருந்தால் வேறு ஒன்றையும் காட்டியிருப்பேன். அந்தச் சோதனையில் இரண்டு பக்கத்தாருக்கும் அறுவை நடந்தது. ஊசியே போடாமல் வெறும் கத்தி மட்டும் பட்டவர்களிலும் நூற்றுக்கு 86 பேர் ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தார்கள். தொடாமல் விட்ட கட்டி பெரும்பாலான பெண்களை அப்படி விட்டுவைப்பதில்லை. கத்திக்குப் பயந்து மருத்துவர் கத்தியைக் கீழே போடவில்லை. கத்தி எடுக்கும் முன் பத்து நிமிடத்தில் என்ன செய்யலாம் என்று பார்த்தார்.

கார்த்திகையில் பெரியம்மாவை மதுரைக்குக் கூட்டிப் போனோம். காகிதக் குழாய் உருட்டிய விரல்களில் பசை காய்ந்திருந்தது. போகிற வழியெல்லாம் அதை உரித்துக்கொண்டே வந்தார். அந்த வருடத்தில் மும்பைச் சோதனைக்கு ஆட்களைச் சேர்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பயன் இல்லை. நேரே அறுவைக்குப் போகக்கூடிய, ஆரம்ப நிலைக் கட்டி உள்ளவர்களை மட்டும்தான் அதில் சேர்த்தார்கள். முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்க வேண்டியவர்களுக்கு இடம் இல்லை. பரிசோதித்த பெண் மருத்துவர் மெதுவாகக் கட்டியை அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. தோலைப் பிடித்திருந்தது. “அம்மா, மொதல்ல ஆறு தடவ மருந்து ஏத்துவோம், அப்புறம்தான் ஆப்ரேசன்” என்றார். பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, “பாத்தியா, இவுகளே கத்தி வேணாங்காக” என்றார், நிம்மதியாக.

(தொடரும்)